கேட் தேர்வு: எதை வாங்குவது, எந்த வரிசையில் படிப்பது

மூன்றாம் ஆண்டு முடிகிற சமயத்தில் ஜூனியர்கள் போன் செய்தால் கேள்வி அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: "அண்ணா, கேட் எக்ஸாமுக்கு எந்த மெட்டீரியல் வாங்கலாம்?" கேள்வி சரிதான், கேட்கிற நேரம்தான் கொஞ்சம் முன்கூட்டி வந்துவிடுகிறது. பொறியியல் மேற்படிப்பில் சேர எழுதும் இந்தத் தேர்வுக்கு (GATE) முதலில் கையில் இருக்க வேண்டிய இரண்டும் இலவசம்: பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள். அவற்றோடு இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டால் எதை வாங்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பட்டியலும் பாதியாகக் குறைந்துவிடும்.

உதாரணங்களைக் கணினி அறிவியல் (சிஎஸ்) தாளிலிருந்து எடுத்திருக்கிறேன், எனக்குப் பழக்கமான தாள் அதுதான். மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் பாடப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எதற்காக எழுதுகிறீர்கள்?

கேட் தேர்வைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பம்பாய், டெல்லி, குவாஹாத்தி, கான்பூர், கரக்பூர், மெட்ராஸ், ரூர்க்கி ஆகிய ஏழு ஐஐடிகளும் ஆண்டுக்கு ஒருவர் என்று முறைவைத்து நடத்துகின்றன. ஐஐடி, என்ஐடிகளில் எம்.டெக் சேர இதுதான் வாசல். தமிழ்நாட்டிலேயே எம்.இ. சேர்வதற்கும் இந்த மதிப்பெண் செல்லும். மதிப்பெண்ணோடு முழுநேர எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சில பொதுத்துறை நிறுவனங்களும் இதை வைத்து ஆள் எடுக்கின்றன.

மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும். ஆனால் பொதுத்துறை நிறுவனங்கள் பெரும்பாலும் அந்த ஆண்டு மதிப்பெண்ணைத்தான் கேட்கும். மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம் என்பதால் சிலர் ஒத்திகை மாதிரி ஒருமுறை எழுதிப் பார்க்கிறார்கள். பணம் இருந்தால் செய்யலாம், அவசியமில்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. பொதுப் பிரிவில் தகுதி மதிப்பெண் நூற்றுக்கு 25-க்குக் கீழே இறங்காது, தாளின் சராசரியைப் பொறுத்து ஏறும். அதைத் தாண்டிவிட்டாலே ஐஐடி கிடைத்துவிடும் என்று நினைத்து வீட்டில் கேசரி கிண்டியவர்கள் உண்டு. நீங்கள் சேர விரும்பும் இரண்டு மூன்று துறைகளைக் குறித்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளில் அங்கே எந்த ஸ்கோருக்கு இடம் கிடைத்தது என்று தேடிப் பாருங்கள். ஸ்கோர் ஆயிரத்துக்குக் கணக்கிடப்படும், மதிப்பெண் நூற்றுக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாடத்திட்டத்தை அச்செடுங்கள்

கேட் தளத்தில் ஒவ்வொரு தாளுக்கும் தனியாகப் பாடத்திட்டம் இருக்கும். சிஎஸ் தாளுக்கு இரண்டு பக்கம் வருமா என்பதே சந்தேகம். அதை அச்செடுத்து, வரி வரியாகப் பேனாவால் மூன்று விதமாகக் குறியுங்கள்: ஒழுங்காகப் புரிந்து படித்தது, பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்தது, தொடவே தொடாதது. இரண்டாவது வகைதான் எல்லோருக்கும் அதிகமாக இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நம் செமஸ்டர் தேர்வுகள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன.

பெரும்பாலான பொறியியல் தாள்களில் மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: பொது ஆற்றல் 15, பொறியியல் கணிதம் 13, பாடம் 72. மொத்தம் 65 கேள்விகள், மூன்று மணி நேரம். முதல் இரண்டையும் கூட்டினால் 28. ஒரு பாடப்பகுதி இவ்வளவு மதிப்பெண் தருவது அபூர்வம். ஆனாலும் பலர் பொது ஆற்றலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதில் ஆங்கிலச் சொல்லறிவு, சதவீதம், விகிதம், தர்க்கம், காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற உருவக் கேள்விகள் வரும். தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்த்துப் பயப்படுவார்கள். பழைய தாள்களைப் புரட்டினால் அந்தப் பயம் பாதி போய்விடும். இலக்கணமும் எளிய பத்திப் புரிதலும்தான் அதிகம், அகராதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வாரம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் முதல் வாரத்திலிருந்தே.

பழைய வினாத்தாள்தான் பாடப்புத்தகம்

தேர்வை நடத்தும் ஐஐடி தளங்களில் 2007 முதலான வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை ஆண்டுவாரியாக இறக்கி ஒரு கோப்புறையில் வையுங்கள். கடைசி மூன்று ஆண்டுத் தாள்களை மட்டும் தனியே எடுத்து மறைத்துவிடுங்கள், அவை ஜனவரிக்கு. மீதியைப் பாடவாரியாகப் பிரித்துப் படிக்க வேண்டும். பாடவாரியாகத் தொகுத்து விடையோடு போட்ட புத்தகங்கள் எல்லாப் பிரிவுக்கும் கடையில் உண்டு. என்னைக் கேட்டால் காசு கொடுத்து வாங்கியே ஆக வேண்டிய ஒரே பொருள் அதுதான். எந்தப் பதிப்பகம் என்பது பெரிய விஷயமில்லை. விளக்கம் முழுசாக இருக்கிறதா, விடை அதிகாரபூர்வ விடைக்குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று இரண்டு பக்கம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

செமஸ்டர் கேள்விக்கும் கேட் கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் நமக்கு 13 மார்க் கேள்வி எப்படி வரும்? "பேஜிங்கைப் படத்துடன் விளக்குக." மூன்று பக்கம் எழுதினால் மார்க் விழும். அதே விஷயம் கேட் பாணியில் இப்படி இருக்கும் (இது மாதிரிக்கு நான் எழுதியது): விர்ச்சுவல் முகவரி 32 பிட், பக்க அளவு 4 கேபி, பக்க அட்டவணையின் ஒவ்வொரு பதிவுக்கும் 4 பைட். ஓரடுக்குப் பக்க அட்டவணையின் அளவு எத்தனை எம்பி?

4 கேபி என்றால் 2-இன் 12-ஆம் அடுக்கு பைட். எனவே முகவரியில் 12 பிட் பக்கத்துக்கு உள்ளே இருக்கும் இடத்தைச் சொல்லப் போய்விடும். மீதி 20 பிட்தான் பக்க எண். 2-இன் 20-ஆம் அடுக்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 4 எம்பி. எழுதுவதற்கு ஒன்றரை நிமிடம். மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவர்களில் பலர் 12-ஐக் கழிக்கும் இடத்தில் திணறுவார்கள், ஏனென்றால் படம் வரைந்தார்களே தவிர அந்தப் படத்தில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்ததில்லை. கணக்கு சரியாக வந்தும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கேள்வி கேபியில் கேட்டிருந்தால் விடை 4096. எம்பியில் கண்டுபிடித்துவிட்டு 4 என்று அடித்தால் பூஜ்யம்தான்.

ஆகவே ஒரு பாடத்தைத் தொடங்கும்போது முதலில் அந்தப் பாடத்தின் பத்து இருபது பழைய கேள்விகளை வெறுமனே வாசியுங்கள். விடை வராது, பரவாயில்லை. எந்த ஆழத்துக்குக் கேட்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் எதை நின்று படிப்பது, எதைத் தாண்டிப் போவது என்று கண்ணே சொல்லும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, மிகப் பழைய தாள்களில் இன்றைய பாடத்திட்டத்தில் இல்லாத பகுதிகள் வரும். சிஎஸ் தாளில் ஒரு காலத்தில் மென்பொருள் பொறியியல் இருந்தது, இப்போது இல்லை. அதற்குத்தான் அச்செடுத்த பாடத்திட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும் என்கிறேன். இரண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய கேள்வி வகை 2021-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய தாள்களில் அது இருக்காது, அந்தப் பயிற்சியை 2021-க்குப் பிந்தைய தாள்களில்தான் தேட வேண்டும்.

புத்தகங்கள்: அத்தியாயமாக எடுங்கள், அட்டையிலிருந்து அட்டை வரை வேண்டாம்

செமஸ்டருக்கு வாங்கிய உள்ளூர் ஆசிரியர்களின் புத்தகங்கள் இதற்குப் போதாது. அவை 2 மார்க், 13 மார்க் பதில் எழுதுவதற்காகவே எழுதப்பட்டவை. ஏன் அப்படி என்று விளக்கும் இடங்கள் அவற்றில் குறைவு. கேட் தேர்வுக்குக் கேள்வி எடுப்பவர்கள் பேராசிரியர்கள், அவர்கள் வகுப்பில் பயன்படுத்தும் மூலப் புத்தகங்களையே நாமும் பார்ப்பது நல்லது.

புத்தகங்களை ஆசிரியர் பெயரிலேயே சொல்கிறேன். அல்காரிதத்துக்குக் கார்மென். கனத்தைப் பார்த்து மிரள வேண்டாம், வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை: வளர்வீதம், ரிகரன்ஸ், சார்ட்டிங், கிராஃப், கிரீடி, டைனமிக் புரோகிராமிங். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கால்வின். டேட்டாபேஸுக்குக் கோர்த், அதிலும் ரிலேஷனல் அல்ஜீப்ரா, எஸ்க்யூஎல், நார்மலைசேஷன், டிரான்ஸாக்ஷன், பி பிளஸ் ட்ரீ. டிஸ்கிரீட் கணிதத்துக்கு ரோஸன், டிஜிட்டலுக்கு மோரிஸ் மானோ. நெட்வொர்க்குக்கு குரோஸ்-ராஸ் அல்லது ஃபொரூஸான், இரண்டில் எது கைக்குக் கிடைக்கிறதோ அது. பொறியியல் கணிதத்துக்கு மட்டும் புதிதாக எதையும் வாங்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் படித்த கணிதப் புத்தகமே மேட்ரிக்ஸ், ஐகன் மதிப்பு, அடிப்படை கால்குலஸுக்குப் போதும், நிகழ்தகவு மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும்.

இவற்றில் எதையும் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. கல்லூரி நூலகத்தில் எல்லாம் இருக்கும், யாரும் எடுக்காததால் தூசி படிந்திருக்கும். சென்னையில் இருப்பவர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். ஒரு பதிப்பு பழசானால் ஒன்றும் கெட்டுவிடாது, தேர்வில் கேட்கும் அடிப்படைகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை.

டெலிகிராம் குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "டாப்பர் நோட்ஸ்" என்ற பெயரில் ஜிபி கணக்கில் பிடிஎஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். இறக்கி வைப்பது ஒரு சுகம், படித்த மாதிரியே இருக்கும். காப்புரிமை விவகாரம் ஒருபுறம். யாரோ தனக்காகச் சுருக்கி எழுதிக்கொண்ட குறிப்பு உங்களுக்குப் பாதிதான் விளங்கும் என்பது இன்னொரு புறம். அந்த ஆளுக்கு அந்த நோட்ஸால் பயன் வந்ததே அதைத் தானே எழுதியதால்தான்.

வீடியோவும் கோச்சிங்கும்

யூடியூபில் கேட் என்று தேடினால் வருகிற வகுப்புகளில் பெரும்பாலானவை இந்தி கலந்தவை. கணக்கு போடும் இடம் புரிந்துவிடும், காரணம் சொல்லும் இடத்தில் சரியாக இந்திக்கு மாறிவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இதில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வகுப்புகள் ஆங்கிலத்தில், இலவசமாகவே இருக்கின்றன. சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. வகுப்பு மெதுவாகப் போகும், ஒரு பாடத்துக்கு முப்பது நாற்பது விரிவுரை இருக்கும். அனைத்தையும் பார்க்க உட்காராதீர்கள். புத்தகத்தில் படித்துப் புரியாத தலைப்புக்கு மட்டும் அந்த விரிவுரையைத் தேடிப் பாருங்கள். பாடத்திட்டத் தாளில் "தொடவே தொடாதது" என்று குறித்த பாடம் இருந்தால் அதற்கு மட்டும் முழுசாகப் பார்க்கலாம்.

கோச்சிங் வேண்டுமா? அடிப்படை பலவீனமாக இருந்து, தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமும் இல்லையென்றால் அது உதவும். அது உங்களை நேரத்துக்கு உட்கார வைக்கும், அதற்குத்தான் அந்தப் பணம். பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு இடத்திலும் கிடைக்கும். சேருவதற்கு முன் ஒரு சாதாரண வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். டெமோ வகுப்புக்கு அவர்களின் சிறந்த ஆசிரியரைத்தான் அனுப்புவார்கள். இன்னொன்று, கோச்சிங் நிலையம் கொடுக்கும் கட்டு கட்டான புத்தகங்களையும் வைத்துக்கொண்டு மூலப் புத்தகங்களையும் எடுத்தால் இரண்டுமே பாதியில் நிற்கும். ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம், அதோடு பழைய கேள்விகள். மூன்றாவதாக எதையும் மேஜைக்கு வரவிடாதீர்கள்.

எந்தப் பாடம் முதலில்?

சிஎஸ் பாடத்திட்டத்தில் பத்துப் பகுதிகள். பலர் பிடித்த பாடத்தில் தொடங்குவார்கள், அல்லது பட்டியலில் உள்ள வரிசையிலேயே போவார்கள். பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்று நிற்பதைக் கவனித்தால் வரிசை தானே கிடைக்கும்.

டிஸ்கிரீட் கணிதத்தில் தொடங்குங்கள். அதில் வரும் கணம், தொடர்பு, கிராஃப் எல்லாம் பிறகு எங்கும் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், அதன் மேல் அல்காரிதம். இது ஒரு சங்கிலி. டிஜிட்டல், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன், ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது இரண்டாவது சங்கிலி. கேஷ் மெமரி புரியாமல் விர்ச்சுவல் மெமரிக்குப் போனால் மேலே சொன்ன கேள்வி மாதிரி இடங்களில் நிற்கும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் மூன்றாவது. டேட்டாபேஸும் நெட்வொர்க்கும் தனித்து நிற்கக்கூடியவை, எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே போடலாம். செமஸ்டரில் ஏதாவது ஒரு பாடம் இப்போது நடந்துகொண்டிருந்தால் அதையும் கூடவே முடித்துவிடுவது புத்திசாலித்தனம், ஒரே உழைப்பில் இரண்டு வேலை.

மெக்கானிக்கல்காரர்களுக்கு இதேபோல் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மெஷின் டிசைன் ஒரு சங்கிலி. தெர்மோ, ஹீட் டிரான்ஸ்ஃபர் இன்னொன்று.

மணிக்கணக்கைப் போடுங்கள்

தேர்வு பிப்ரவரியின் சனி, ஞாயிறுகளில் நடக்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூனில் தொடங்கினால் ஜனவரி முடிய உத்தேசமாக 32 வாரம். கேட்பதற்கு மலைபோல இருக்கும். ஆனால் ஆகஸ்டிலிருந்து பிளேஸ்மென்ட் ஆரம்பித்துவிடும், இன்டர்னல் தேர்வுகள் நடுவே வரும், நவம்பர், டிசம்பரில் செமஸ்டர், புராஜெக்ட் ரிவ்யூ என்றால் வழிகாட்டி ஆசிரியரைத் தேடி அலைய வேண்டும். எட்டு வாரத்தை இப்போதே கழித்துவிடுங்கள். மிச்சம் 24.

கல்லூரி நாளில் இரண்டு மணி நேரம், சனி ஞாயிறில் ஐந்தைந்து. வாரத்துக்கு 20, மொத்தம் 480 மணி நேரம். "தினமும் எட்டு மணி நேரம்" என்று சுவரில் எழுதி ஒட்டியவர்களின் அட்டவணை இரண்டாவது வாரம் கிழிந்துவிடும். கல்லூரிப் பேருந்தில் மாலை ஆறு மணிக்கு வந்து இறங்குபவருக்கு இரண்டு மணி நேரம் என்பதே நேர்மையான எண்.

இந்த 480-ஐ இப்படிப் பிரிக்கலாம். பத்துப் பகுதிகளுக்கும் சராசரியாக 30 மணி நேரம், ஆக 300. அந்த 30-இல் 20 மணி நேரம் படிப்பு, 10 மணி நேரம் அந்தப் பாடத்தின் பழைய கேள்விகள். எல்லாப் பாடத்துக்கும் சமமாகக் கொடுக்க வேண்டாம், கம்பைலரிலிருந்து எடுத்து அல்காரிதத்துக்குக் கொடுங்கள். வாரம் ஒரு மணி நேரப் பொது ஆற்றலும் இதற்குள்ளேயே அடங்கிவிடும். மீதி 180 மணி நேரம் டெஸ்டுக்கும் மறுவாசிப்புக்கும். ஒரு முழு டெஸ்ட் எழுத மூன்று மணி நேரம், அதை அலச நான்கு மணி நேரம். பன்னிரண்டு டெஸ்ட் என்றால் 84 மணி நேரம், மிச்சமிருக்கும் 96 மறுவாசிப்புக்கு.

செப்டம்பரில்தான் தொடங்குகிறீர்களா? அப்போது பாடங்களில் இரண்டைத் துணிந்து விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொடுவதைவிட எட்டுப் பகுதியை உருப்படியாக முடித்தவர் மதிப்பெண் அதிகம் எடுப்பார். பொது ஆற்றலையும் கணிதத்தையும் மட்டும் அந்த விடும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அரியர் இருப்பவர்கள் அதை முதலில் முடியுங்கள். கேட் ஸ்கோர் வந்து பட்டம் வராமல் போனால் அந்த ஸ்கோரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு வார நாளில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மார்ச், ஏப்ரலிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

தப்பு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாக வையுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஒரே வரி. கேள்வியையும் விடையையும் எழுதாதீர்கள், ஏன் தவறியது என்பதை மட்டும் எழுதுங்கள். இப்படி: "பக்க அட்டவணை, கேபியில் கேட்டான், எம்பியில் போட்டேன்." "ட்ரீயின் உயரம் பூஜ்யத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்று கேள்வியில் சொல்லியிருந்தது, படிக்கவில்லை." "பேயஸ் சூத்திரம் மறந்துவிட்டது."

இரண்டு மாதம் கழித்துப் புரட்டினால் உங்கள் தவறுகள் நான்கைந்து வகைக்குள் அடங்குவது தெரியும். ஒருவருக்குக் கவனக்குறைவு, இன்னொருவருக்குச் சூத்திரம், மூன்றாமவருக்குக் கருத்தே புரியவில்லை. மருந்தும் அதற்கேற்ப மாறும். கவனக்குறைவுக்காரர் மேலும் ஒரு புத்தகம் வாங்குவதால் எந்தப் பயனும் இல்லை. ஜனவரி மாத மறுவாசிப்புக்கு இந்த நோட்டும், பாடத்துக்கு இரண்டு பக்கம் நீங்களே எழுதிய சூத்திரத் தாளும் போதும்.

டெஸ்ட், நெகட்டிவ் மார்க்

ஒரே ஒரு டெஸ்ட் சீரிஸ் வாங்குங்கள். அக்டோபர் வரை பாடவாரி டெஸ்ட், டிசம்பர் நடுவிலிருந்து முழு டெஸ்ட். சில நிறுவனங்கள் தங்கள் டெஸ்டை வேண்டுமென்றே கடினமாக்கி வைக்கும், அதில் 30 எடுத்துவிட்டு மனமுடைந்து போக வேண்டாம். உண்மையான நிலையைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மூன்று தாள்களை மறைத்து வைக்கச் சொன்னேன். ஜனவரியில் வாரத்துக்கு ஒன்றாக, காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடிக்கிற மாதிரி எழுதுங்கள். உங்கள் தாள் பிற்பகல் வேளையில் என்றால் 2.30-க்கு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூளை எப்படி வேலை செய்யும் என்பதும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

கேள்விகள் மூன்று வகை. நான்கில் ஒரு விடையைத் தேர்வது ஒன்று. அதில் தவறானால் 1 மார்க் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும், 2 மார்க் கேள்விக்கு மூன்றில் இரண்டும் கழியும். பல விடை தேர்வதிலும் எண் விடையிலும் நெகட்டிவ் இல்லை. ஆனால் பல விடையில் எல்லாச் சரியான விடையையும் தேர்ந்தால்தான் மார்க், பாதி மார்க் என்ற பேச்சே கிடையாது.

இதிலிருந்து ஒரு கணக்கு போடலாம். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் சராசரி லாபம் பூஜ்யம்: கால் பங்கு வாய்ப்பில் 1 மார்க், முக்கால் பங்கு வாய்ப்பில் மூன்றில் ஒன்று நஷ்டம், இரண்டும் சரிக்குச் சரி. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் லாபம் ஒன்பதில் ஒரு மார்க். இரண்டை நீக்கினால் மூன்றில் ஒரு மார்க். ஆகவே ஒன்றுமே தெரியாத கேள்வியைத் தொட்டுப் பயனில்லை, இரண்டை நீக்கிய கேள்வியை விட்டுவிட்டு வருவது நஷ்டம். நெகட்டிவ் இல்லாத கேள்வியை வெறுமையாக விடுவதற்குக் காரணமே இல்லை.

கால்குலேட்டர் திரையில்தான் இருக்கும், கையில் கொண்டுபோக முடியாது. எண்களையும் மவுஸால் தட்டித்தான் போட வேண்டும். வீட்டில் கேசியோ வைத்துப் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும், நேரமும் பிடிக்கும். டிசம்பரிலிருந்தே அதே மாதிரிக் கால்குலேட்டரில் பழகுங்கள். டிகிரியா ரேடியனா என்று பார்த்துவிட்டுத் தட்டுவதும் அதில் சேர்த்தி. கேட் தளத்திலேயே மாதிரித் தேர்வு போட்டிருப்பார்கள், திரை எப்படி இருக்கும் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பமும் சான்றிதழும்

பதிவு வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். கடைசி நாளுக்குப் பிறகு அபராதத்தோடு சில நாள் கொடுப்பார்கள், அதை நம்பி இருக்க வேண்டாம். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல் எப்போதும் ஒரு தலைவலி. ஆதாரில் விரிந்திருக்கும், மார்க் ஷீட்டில் சுருங்கியிருக்கும். தேர்வு நாளில் எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதையே பின்பற்றுங்கள்.

தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி பிரிவினர் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பள்ளிக்கும் அண்ணா பல்கலைக்கும் கொடுத்த சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் இருக்க வேண்டும், வசதி படைத்தோர் பிரிவான கிரீமி லேயரில் வரவில்லை என்ற சான்றிதழும் மத்திய அரசு படிவத்தில் வேண்டும். சேர்க்கை நடக்கும் நிதியாண்டுக்குப் புதிதாக எடுத்ததையே பல இடங்களில் கேட்பார்கள். ஏப்ரல் மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கத் தயாராக இருங்கள்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

அனுமதிச் சீட்டு ஜனவரியில் வரும். மையம் வேறு ஊரில் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். ஊருக்கு வெளியே இருக்கும் கல்லூரி என்றால் காலையில் பஸ் கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள். அடையாள அட்டை அசல் வேண்டும், ஜெராக்ஸ் கூடாது.

பொது ஆற்றலை முதல் 20 நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாடத்துக்குப் போவது பலருக்கு ஒத்துவருகிறது. பாடத்தில் இரண்டு சுற்று போங்கள்: பார்த்ததும் வழி தெரிகிற கேள்விகள் முதல் சுற்றில், மற்றவை இரண்டாவதில். விடையைத் தேர்ந்ததும் சேமிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் பதிவாகும். விடையோடு மறுபார்வைக்குக் குறித்து வைத்த கேள்விகளும் மதிப்பிடப்படும், அதனால் சந்தேக விடையை அப்படியே விட்டால் நெகட்டிவும் வரலாம்.

சில நாட்களில் உங்கள் விடைத்தாளும் அதன் பின் விடைக்குறிப்பும் வெளியாகும். தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கட்டணம் கட்டி ஆட்சேபிக்கலாம். முடிவு மார்ச்சில். அதோடு வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. ஐஐடிகளுக்கு ஒவ்வொன்றாகத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் தரும் இடத்தை ஏற்பதும் மறுப்பதும் சிஓஏபி என்ற பொதுத் தளத்தில். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி என்ற பொதுக் கலந்தாய்வு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குத் தனிக் கலந்தாய்வு. ஒவ்வொன்றின் கடைசித் தேதியும் வேறு, சில மார்ச்சிலேயே தொடங்கிவிடும். ஸ்கோர் கார்டைக் கட்டணமின்றி இறக்கக் குறிப்பிட்ட தேதி வரைதான் நேரம் தருவார்கள். வந்த அன்றே இறக்கி மெயிலில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.